காரைக்குடிலேர்ந்து எகனாமிஸ்ட் ஆகுறது எப்படி: காலேஜ், பேங்க், கவர்மெண்ட்னு மூணு பக்கமும் போய்வர நினைக்கிறவங்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஒரு வீட்ல புள்ள "எகனாமிக்ஸ் எடுக்கப்போறேன்"னு சொன்னா ரெண்டு கேள்வி வரும். "ஏன்ப்பு, பி.காம். கிடைக்கலையா?" அடுத்தது, "அதப் படிச்சா பேங்க்ல எடுப்பாகளா?" பி.காம். கிடைக்காதவங்க போற இடம் இல்ல இது, வேற தொழில். பேங்க்லயும் எடுப்பாக, ஆனா கவுண்டர்ல உக்கார வைக்க இல்ல, வட்டி எங்க போகும், விலைவாசி எங்க போகும், எந்தத் தொழில்ல குடுத்த கடன் திரும்பி வரும்னு எழுதிக் குடுக்குறதுக்கு.

வேடிக்கை என்னன்னா பணத்தப் பத்திப் பேசத் தெரியாத ஆளே இந்தப் பக்கம் கிடையாது. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க 1937 பிப்ரவரி 10-ம் தேதி ஆரம்பிச்சது கானாடுகாத்தான்காரர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அன்னைக்கே சென்னை, ரங்கூன், காரைக்குடின்னு மூணு ஊர்லயும் சேத்துத் தொறந்தாங்க. அப்படிப்பட்ட ஊர்ல எகனாமிஸ்ட்னு தனியா ஒரு உத்தியோகம் இருக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியல. பையனோ பொண்ணோ அல்லது அவங்க அப்பா அம்மாவோ யார் படிச்சாலும் புரியணும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

கதவு எந்தப் பக்கம் தொறக்கும்

இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. காலேஜ், ஃபைனான்ஸ், அரசாங்கம் மூணுக்கும் நடுவுல போய்வரலாம்கிறது உண்மை, ஆனா எல்லாக் கதவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தொறக்காது. பி.எச்டி. முடிச்சு, பாடம் எடுத்து, நாலு நல்ல ஜர்னல் பேப்பர் போட்ட ஆள பேங்க்ல கூப்பிடுவான், கவர்மெண்ட்லயும் கூப்பிடுவாங்க. பதினஞ்சு வருஷம் பேங்க்ல இருந்துட்டு "இனிமே புரஃபசர் ஆகுறேன்"னு கிளம்புனா, அந்தப் பதினஞ்சு வருஷத்துல என்ன பப்ளிஷ் பண்ணேன்னு கேப்பாங்க, அங்க எழுதுன ரிப்போர்ட் எல்லாம் கம்பெனி சொத்து, பாதி வெளிலயே வந்திருக்காது. பிசினஸ் ஸ்கூல்ல வேணா சேத்துக்குவாங்க. அதனால எப்பவாவது ஒரு நாள் பாடம் எடுக்கணும், ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை இருந்தா பி.எச்டி.ய முன்னாடியே முடிச்சுடுங்க, மத்தது எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்குவீங்கன்னா இத வச்சுக்குங்க.

பெரிய ஆளுங்க போன பாதையப் பாருங்க. சி. ரங்கராஜன் அரியலூர்ல 1932-ல பொறந்தவர், பென்சில்வேனியா யூனிவர்சிட்டில 1964-ல பி.எச்டி., அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல பல வருஷம் வாத்தியார், 1982-லதான் ரிசர்வ் பேங்க் டெபுடி கவர்னர், அப்புறம் 1992-லேர்ந்து 97 வரைக்கும் கவர்னர். ரகுராம் ராஜன் எம்.ஐ.டி.ல 1991-ல பி.எச்டி., சிகாகோல புரஃபசர், 2003-லேர்ந்து 2006 வரை ஐ.எம்.எஃப். சீஃப் எகனாமிஸ்ட், 2013-ல ரிசர்வ் பேங்க் கவர்னர், மூணு வருஷம் முடிஞ்சதும் திரும்ப சிகாகோக்கே போயிட்டார், அவர் நாற்காலி அங்க காத்துக்கிட்டு இருந்துச்சு. ஃபைனான்ஸ் பக்கம் நிறைய வருஷம் இருந்தவர்னா வி. அனந்த நாகேஸ்வரன், 2022 ஜனவரிலேர்ந்து மத்திய அரசோட சீஃப் எகனாமிக் அட்வைசர். கிரெடி சுவிஸ், ஜூலியஸ் பேர்னு வெளிநாட்டு பேங்க்ல எல்லாம் வேலை பாத்தவர்தான், ஆனா அதுக்கு முன்னாடியே 1994-ல பி.எச்டி.ய முடிச்சு வச்சிருந்தார். கே.வி. சுப்ரமணியன் எடுத்துக்கிட்டாலும் சிகாகோ பி.எச்டி.ய வச்சுக்கிட்டுத்தான் ஐ.எஸ்.பி.ங்கிற பிசினஸ் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்து 2018-ல அதே அட்வைசர் நாற்காலிக்கு வந்தார்.

கீன்ஸ்னு இங்கிலாந்துல ஒரு பெரிய எகனாமிஸ்ட் இருந்தார், அவர் கதை இதுல தனி ரகம். 1906-ல சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதி ரெண்டாவதா வந்து லண்டன்ல இந்தியா ஆபீஸ்ல கிளார்க்கா சேந்தார், அந்தப் பரீட்சைல எகனாமிக்ஸ்ல வாங்குன மார்க் வெளில சொல்லிக்கிற மாதிரி இல்ல. ரெண்டு வருஷத்துல வேலைய விட்டுட்டு கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, பாடம் எடுத்து, ட்ரெஷரில (அங்க நிதி அமைச்சகம்) இருந்து, காலேஜ் பணத்த மார்க்கெட்ல போட்டு வளத்துன்னு மூணையும் பண்ணுனார். அந்தக் காலத்துல பி.எச்டி. கேக்கல, இப்போ கேக்கறாங்க, அவ்வளவுதான்.

பேங்க் ஆளுங்களுக்கு வழியே இல்லன்னு நினைச்சுடாதீங்க. ரிசர்வ் பேங்க்ல வட்டி தீர்மானிக்கிற கமிட்டி 2016-லேர்ந்து இருக்கு, ஆறு பேர்ல மூணு பேர் வெளி ஆளு. முதல் தடவை மூணு பேருமே வாத்தியாருங்க. 2024 அக்டோபர்ல போட்ட மூணு பேர்ல ஒருத்தர் சௌகத பட்டாச்சார்யா, ஆக்ஸிஸ் பேங்க்ல சீஃப் எகனாமிஸ்ட்டா இருந்தவர். கதவு கொஞ்சம் கொஞ்சமா தொறக்குது.

வயசு

நம்ம பிள்ளைங்க கோட்டை விடுறது புத்தில இல்ல, தேதில. இந்தியன் எகனாமிக் சர்வீஸ்னு யூ.பி.எஸ்.சி. நடத்துற பரீட்சை ஒண்ணு இருக்கு, ஐ.இ.எஸ்.னு சொல்லுவாங்க, ஐ.ஏ.எஸ். பத்தி தெரிஞ்ச அளவுக்கு இதப் பத்தி இங்க யாருக்கும் தெரியாது. எகனாமிக்ஸ்ல எம்.ஏ. வேணும், வயசு 21-லேர்ந்து 30, ஓ.பி.சி.க்கு மூணு வருஷமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு அஞ்சு வருஷமும் சலுகை. எழுத்து 1000 மார்க், நேர்முகம் 200. அந்த ஆயிரத்துல ஜெனரல் இங்கிலீஷ் 100, ஜெனரல் ஸ்டடீஸ் 100, மிச்ச நாலு பேப்பரும் எகனாமிக்ஸ், ஒவ்வொண்ணும் 200. தமிழ்ல எழுத முடியாது, இங்கிலீஷ்தான். வருஷத்துக்கு எடுக்கிற ஆளு ரொம்பக் கம்மி, அதனால இத மட்டுமே நம்பி வருஷக்கணக்கா ரூம்ல உக்காராதீங்க, பி.எச்டி. பண்ணிக்கிட்டே எழுதலாம், படிக்கிறது ரெண்டுக்கும் உதவும்.

ரிசர்வ் பேங்க் கிரேடு பி, அதாவது ஆபீசர் வேலை, அதுல ரெண்டு மூணு வகை இருக்கு. எல்லாரும் எழுதுற ஜெனரல் ஒண்ணு, எகனாமிக்ஸ் ஆளுங்களுக்குன்னே டி.இ.பி.ஆர்.னு (ரிசர்வ் பேங்கோட பொருளாதார ஆராய்ச்சித் துறை) தனி ஒண்ணு. இதுக்கும் 30 வயசுதான், ஆனா எம்.ஃபில். இருந்தா 32, பி.எச்டி. இருந்தா 34 வரைக்கும் விடுவாங்க. கோச்சிங் சென்டர்ல ஜெனரலுக்குத்தான் கிளாஸ் எடுப்பாங்க, எகனாமிக்ஸ்ல எம்.ஏ. முடிச்ச புள்ளையயும் அதுக்கே தள்ளி விட்டுடுவாங்க, அங்க லட்சக்கணக்கான பேரோட மல்லுக்கட்டணும், இங்க கூட்டம் கம்மி.

மூணாவது யூ.ஜி.சி. நெட், காலேஜ்ல பாடம் எடுக்கிறதுக்கான தகுதிப் பரீட்சை. அசிஸ்டண்ட் புரஃபசர் தகுதிக்கு வயசு வரம்பு கிடையாது, ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.க்கு உண்டு, பொதுப் பிரிவுக்கு 30, பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கும் அஞ்சு வருஷம் கூட. ஜே.ஆர்.எஃப். கிடைச்சா 2023-லேர்ந்து மாசம் 37,000 ரூபா. வீட்ல "இன்னும் எத்தனை வருஷம்த்தா படிப்ப, கல்யாணம் காச்சி எல்லாம் எப்போ?"ன்னு கேக்கிற ஆச்சிய அமைதிப்படுத்த இந்த 37,000 மாதிரி மருந்து எதுவும் இல்ல.

சம்பளமும் சொல்லிடுறேன், இங்க அதக் கேக்காம விட மாட்டாங்க. ஏழாவது ஊதியக் குழுப்படி ஐ.இ.எஸ். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100, யூ.ஜி.சி. ஸ்கேல்ல அசிஸ்டண்ட் புரஃபசர் 57,700, அலவன்ஸ் தனி. ரெண்டும் ஏறத்தாழ ஒண்ணுதான். ஃபைனான்ஸ்ல முதல் வேலைலயே இத விடக் கூடவும் வரும், கம்மியாவும் வரும், அங்க அரசாங்க ஸ்கேல் மாதிரி ஒண்ணு கிடையாது.

பிளஸ் டூ, டிகிரி, எம்.ஏ.

கணக்க விட்டுடாதீங்க. நம்ம பக்கம் ஸ்கூல்ல கணக்கு வராத புள்ளைங்களத்தான் எகனாமிக்ஸ் இருக்கிற குரூப்புல போடுறாங்க, அந்தப் புள்ளைங்கதான் பின்னாடி எம்.ஏ. எண்ட்ரன்ஸ்ல பாதிக் கேள்வி கால்குலஸும் புராபபிலிட்டியும் மேட்ரிக்ஸும்னு பாத்து முழிக்குதுங்க. சில இடத்துல பிளஸ் டூல கணக்கு படிச்சிருக்கணும்னே கண்டிஷன் உண்டு. கணக்கு இல்லாம ஏற்கனவே பி.ஏ. சேந்தாச்சுன்னா மூணு வருஷம் கைல இருக்கு, பக்கத்து டிபார்ட்மெண்ட்ல பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கிற ஃபிரெண்ட்ட ஒருத்தனப் பிடிச்சு தினம் ஒரு மணி நேரம் உக்காந்தா போதும், டியூஷன்லாம் தேவையில்ல. அழகப்பா காலேஜ்ல படிக்கிறதா, திருச்சி மதுரைக்குப் போறதாங்கறது டிகிரிக்குப் பெரிய வித்தியாசம் இல்லைங்கறது என் அபிப்பிராயம், பஸ்சுல போற நேரத்த கணக்குல போடலாம்.

எம்.ஏ.க்கு மட்டும் ஊர விட்டுக் கிளம்புங்க. இதுல நான் கறாரா இருப்பேன். சென்னைல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புனே கோகலே இன்ஸ்டிடியூட், திருவனந்தபுரம் சி.டி.எஸ்., மும்பைல ரிசர்வ் பேங்கே ஆரம்பிச்ச ஐ.ஜி.ஐ.டி.ஆர்., டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜே.என்.யூ., அப்புறம் இந்தியன் ஸ்டாடிஸ்டிகல் இன்ஸ்டிடியூட்ங்கிற ஐ.எஸ்.ஐ.ன்னு இடம் இருக்கு. டெல்லி ஸ்கூலும் ஜே.என்.யூ.வும் திருவாரூரும் சி.யூ.இ.டி. பி.ஜி.ங்கிற பொது எண்ட்ரன்ஸ் மூலமா, ஐ.எஸ்.ஐ.க்கு தனிப் பரீட்சை, அது கஷ்டம்தான், முழுக்கக் கணக்கு, ஆனா டியூஷன் ஃபீஸ் கிடையாது, மாசம் ஸ்டைபெண்டும் குடுக்கறாங்க. ஏன் கிளம்பணும்னு சொல்றேன்னா பாடத்துக்காக மட்டும் இல்ல, பின்னாடி சிபாரிசுக் கடிதம் குடுக்கிறவங்க யாருங்கறதுக்காக. ஜர்னல்ல பேப்பர் போடுற ஆளு எழுதுற கடிதத்துக்குத்தான் வெளில மதிப்பு.

பி.எச்டி. தமிழ்நாட்டுலயே பண்ணணும்னா அடையாறுல எம்.ஐ.டி.எஸ்.னு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, வேலூர்ல பொறந்து யுனெஸ்கோல டெபுடி டைரக்டர் ஜெனரல் வரைக்கும் போன மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல ஆரம்பிச்சது. விவசாயம், சாதி, தொழிலாளர்னு தமிழ்நாட்டப் பத்தி வேலை பண்ணப்போறவங்களுக்கு அத விட நல்ல லைப்ரரி எதுன்னு எனக்குத் தோணல.

டேட்டாவத் தொடுங்க

சாஃப்ட்வேர் பேர ரெஸ்யூம்ல வரிசையா எழுதுறத விட ஒரு ஃபைல முழுசாத் தொறந்து பாத்த அனுபவம் பெருசு. எங்க ஆரம்பிக்கிறதுன்னா பி.எல்.எஃப்.எஸ்.லேர்ந்து, அதாவது வேலை வாய்ப்பு பத்தி மத்திய அரசோட புள்ளியியல் துறை எடுக்கிற சர்வே. வீட்டு வாரியா, ஆள் வாரியா உள்ள டேட்டா சும்மாவே கிடைக்கும், ரிஜிஸ்டர் பண்ணா போதும். டவுன்லோடு பண்ணித் தொறந்தா வெறும் நம்பரா ஒட்டிக்கிட்டு இருக்கும், இடைவெளியே இருக்காது, கூட ஒரு எக்செல் ஷீட் வரும், எந்த எடத்துலேர்ந்து எந்த எடம் வரைக்கும் எந்தக் கேள்விக்கான பதில்னு அதுல இருக்கும், அத வச்சு ஆர், ஸ்டாட்டா மாதிரி சாஃப்ட்வேர்ல வெட்டி எடுக்கணும். அப்புறம் மல்டிப்ளையர்னு ஒரு காலம் (column), சர்வேல வந்த ஒரு ஆள் எத்தனை பேருக்குப் பிரதிநிதின்னு சொல்றது, அதத் தொடாம சராசரி எடுத்தா வர்ற விடை தப்பு. பழைய டிசைன்ல என்.எஸ்.எஸ்.னும் என்.எஸ்.சி.னும் ரெண்டு காலம் இருக்கும், ரெண்டும் ஒரே நம்பரா இருந்தா மல்டிப்ளையர 100-ஆல வகுக்கணும், இல்லைன்னா 200-ஆல, முழு வருஷ டேட்டான்னா குவார்ட்டர் எண்ணிக்கையாலயும் வகுக்கணும். இத இண்டர்வியூல ஒரு வாக்கியத்துல சொன்னீங்கன்னா கேக்கறவருக்குத் தெரிஞ்சுடும், இது யூடியூப் பாத்துட்டு வந்த ஆளு இல்லன்னு.

அடுத்து வேலை கோடு. 11-னா சொந்தத் தொழில், 21-னா வீட்டுத் தொழில்ல சம்பளம் இல்லாத உதவி, 81-னா வேலை தேடுறவங்க, 92-னா வீட்டு வேலை மட்டும், 93-னா வீட்டு வேலையோட வீட்டு உபயோகத்துக்கே தைக்கிறது, விறகு பொறுக்குறது மாதிரி. இப்போ நம்ம ஊர்ல ஒரு ஆச்சி பின்கட்டுல உக்காந்து மணகோலம், சீப்புச் சீடைன்னு பலகாரம் போட்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பொட்டலம் அனுப்புறாக. சர்வே எடுக்க வந்த பையன் "என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டா அவுக என்ன சொல்லுவாக? "நான் என்னத்தப்பா வேலை பாக்குறேன், வீட்லதான் இருக்கேன்"னு சொல்லுவாக. பையன் அவசரத்துல 92 போட்டுட்டுப் போயிடுவான். ஆனா அவுக 11, மருமக கூட உக்காந்து பிழிஞ்சா மருமக 21. நாட்டுல எத்தனை பெண்கள் வேலை பாக்குறாங்கங்கற நம்பர் இந்த மாதிரி ஒரு வாசப்படிலதான் தீர்மானம் ஆகுது. டெல்லில உக்காந்து ரெக்ரஷன் ஓட்டுறவனுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும், உங்க முதலே அதுதான்.

இன்னொண்ணு, சிவகங்கை மாவட்டத்துக்குத் தனியா நம்பர் எடுக்கிற ஆசை வரும். பழைய பி.எல்.எஃப்.எஸ். மாவட்ட அளவுக்குப் போட்டது இல்ல, சாம்பிள் பத்தாது. 2025 ஜனவரிலேர்ந்து டிசைன் மாத்தி மாவட்டத்த அடிப்படையா வச்சு எடுக்கறாங்க, மாசா மாசம் நம்பரும் வருது. அதுக்கு முந்தின வருஷத்துல மாவட்ட நம்பர்னு யாராவது பளிச்னு போட்டுக் காட்டுனா கொஞ்சம் சந்தேகமாவே பாருங்க.

முதல் பேப்பருக்கு ஊர்லயே சரக்கு இருக்கு

எழுத்துதான் மூணு பக்கமும் கூட வரும். வேலை மாறுனா ஐடி கார்டு போயிடும், பேர் போட்டு வந்த பேப்பர் போகாது. முதல் பேப்பருக்கு நாட்டுல எல்லாரும் எழுதுற "ஜி.டி.பி.யும் பணவீக்கமும்" எதுக்கு? நம்ம ஊர் செட்டியாருங்க வட்டிக் கடை நடத்துன பர்மா இருக்கே. 1929-30-ல பர்மா பேங்கிங் என்கொயரி கமிட்டின்னு ஒண்ணு உக்காந்து செட்டியார் கடைகளப் பத்தி விலாவாரியா ரிப்போர்ட் போட்டுச்சு, சுமார் 1,650 கடைங்கிறது அவங்க கணக்கு. அதே நேரம் பாத்து அரிசி விலை விழுந்துச்சு, குடுத்த கடன் திரும்பி வரல, அடமானம் வச்ச நிலம் எல்லாம் கடைக்காரங்க தலைல வந்து விழுந்துச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டத்துல அவங்க கைல இருந்த நிலம் 1930-ல 6 சதவீதம், 1938-ல 25 சதவீதம். நிலத்து மேல ஆசைப்பட்டு வாங்குனது இல்ல இது, வராத கடன் நிலமா மாறுனது, ஆனா பர்மாக்காரன் கண்ணுக்கு அப்படித் தெரியல. 1942-ல ஜப்பான்காரன் வந்தான், மூட்டைய கட்டிக்கிட்டு நடந்தே வந்தவங்க கதை எல்லாம் உங்க வீட்லயே கேட்டிருப்பீங்க. இன்னைக்கு பேங்க் பாஷைல சொன்னா அடமானச் சொத்தோட விலையும் கடனும் ஒண்ணா விழுற ரிஸ்க், 2008-ல அமெரிக்கால வீட்டுக் கடன்ல நடந்ததும் இதே ஜாதிதான்.

இப்போ உங்க வீட்டுப் பட்டாலைல இருக்கிற மரப்பொட்டியத் தொறங்க. பேரேடு இருக்கும், மேல பிள்ளையார் சுழி, பக்கத்துல "பிரமோதூத வருஷம்"னு இருந்தா அது 1930 ஏப்ரல்ல ஆரம்பிச்ச வருஷம், விலை விழ ஆரம்பிச்ச வருஷமே அதுதான். வரவு, பற்று, தமிழ் எண்ல தொகை. ஐந்தொகைன்னு வருஷக் கடைசில போட்ட கணக்கு தனியா இருக்கும், இன்னைக்கு பேலன்ஸ் ஷீட்னு சொல்றோம்ல, அது. ரங்கூன் முகல் தெரு கோயில்ல கூடி நிர்ணயம் பண்ண நடப்பு வட்டி எங்கயாவது ஓரத்துல எழுதியிருக்கும். ஒரே ஒரு கடையோட பத்து வருஷ ஐந்தொகை கிடைச்சா கூடப் போதும், கடன் எந்த வருஷம் நிலமா மாறுச்சுன்னு வருஷா வருஷம் காட்டலாம், அந்த மாதிரி ஒரு டேபிள் ஹார்வர்டுல இருக்கிறவனுக்கும் கிடைக்காது. ஒரே ஒரு கடைய வச்சு எல்லாரும் இப்படித்தான்னு சொல்லக்கூடாதுங்கறதையும் பேப்பர்லயே எழுதிடணும், அத எழுதுனாத்தான் உங்கள நம்புவாங்க. வீட்ல பெரியவுககிட்ட முறையாக் கேட்டுட்டு எடுங்க, பங்காளிங்க பேர் வரும், பாகப்பிரிவினை சங்கதி வரும், பேர மறைச்சுடுங்க. வீட்ல இல்லைன்னா சென்னைல ரோஜா முத்தையா நூலகம், அதுவும் நம்ம கோட்டையூர்ல ஒருத்தர் சேத்து வச்சதுதான்.

ஃபைனான்ஸ் பக்கம்

இத சீக்கிரமா சொல்லிடுறேன், ஏன்னா இதப் பத்தி நெட்ல ஏகப்பட்டது கிடைக்குது. எகனாமிஸ்ட்டுக்கு வேலை இருக்கிற இடம் பேங்கோட ரிசர்ச் பிரிவு, கிரைசில் இக்ரா மாதிரி ரேட்டிங் கம்பெனி, மியூச்சுவல் ஃபண்ட், வெளிநாட்டு பேங்கோட சென்னை மும்பை ஆபீஸ். பப்ளிக் செக்டார் பேங்குங்களும் அப்பப்போ எகனாமிஸ்ட் போஸ்ட்டுக்குத் தனியா விளம்பரம் குடுக்கும். சி.எஃப்.ஏ., எஃப்.ஆர்.எம்.னு ஃபைனான்ஸ் சர்டிஃபிகேட் பரீட்சைங்க எழுதலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. எகனாமிஸ்ட் வேலைக்கு அது அவசியம் இல்ல, ரிஸ்க் டிபார்ட்மெண்ட்டுக்குப் போறதுன்னா எஃப்.ஆர்.எம். பிரயோஜனம், மத்தபடி அந்த ஃபீஸ் காசுக்கு வேற நல்ல செலவு இருக்கு.

அங்க வேணுங்கறது வேகம். மாசம் 12-ம் தேதி சாயங்காலம் விலைவாசி நம்பர் வரும், அரை மணி நேரத்துல ஒரு பக்க நோட் போகணும். காய்கறியாலயா, தங்கத்தாலயா, போன வருஷம் இதே மாசம் கம்மியா இருந்ததாலயான்னு பிரிச்சுச் சொல்லணும், 4 சதவீத இலக்குக்கு மேலயா கீழயா, ரிசர்வ் பேங்க் என்ன பண்ணும்னு ஒரு வரி. இத ஆறு மாசம் சொந்தமா வீட்ல உக்காந்து செஞ்சு பாருங்க, தேதி போட்டு ஃபோல்டர்ல வைங்க, தப்பாச் சொன்னதையும் அழிக்காம வைங்க. வேலைக்குக் கேக்கும்போது அந்த ஃபோல்டரக் காட்டுங்க. அந்தக் காலத்துல செட்டியார் கடைல பொட்டியடிப் பையனா சேந்து, அடுத்தாளா ஆகி, அப்புறம்தான் ஏஜெண்டா மூணு வருஷக் கணக்குக்குக் கடல் தாண்டுவாங்க, இங்கயும் முதல் மூணு வருஷம் யாரோ ஒருத்தர் பேர்ல போற ரிப்போர்ட்டுக்கு டேபிள் போடுறதுதான் வேலை, அதுல கோவிச்சுக்காதீங்க.

அரசாங்கம்

டெல்லி மட்டும் இல்ல. சென்னைல மாநிலத் திட்டக் குழு இருக்கு, தமிழ்நாட்டுக்குன்னு தனியா எகனாமிக் சர்வே 2024-25-க்கு முதல் தடவையா போட்டது அவங்கதான். முதலமைச்சர் ஃபெலோஷிப் ரெண்டு வருஷ வேலை, கலெக்டர் ஆபீஸ் எப்படி ஓடுதுன்னு உள்ள இருந்து பாக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. புள்ளியியல் வேலைகளும் இருக்கு, பேர்ல எகனாமிஸ்ட்னு இருக்காது, ஆனா நம்பர் எப்படி உருவாகுதுன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியற மாதிரி வேற யாருக்கும் தெரியாது. ஐ.இ.எஸ்.ல சேந்துட்டு பி.எச்டி. ஆசை விடலைன்னா ஸ்டடி லீவு மொத்தம் 24 மாசம் வரைக்கும் எடுக்கலாம், ஆர்டர் வாங்குறதுக்கு ஃபைல் பின்னாடி நடக்கணும், அது வேற கதை. யூனிவர்சிட்டில இருந்து கவர்மெண்ட்டுக்குப் போறவங்க லீன், அதாவது பழைய வேலைக்கே திரும்பி வர்ற உரிமை, வாங்கிட்டுப் போங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க, எத்தனை வருஷம்னு எழுத்துல இருக்கட்டும்.

மூணு பக்கமும் போய்வர்ற ஆளு மேல ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும், இவன் அங்க இருந்தப்போ இங்க வரப்போற வேலைக்காக வளைஞ்சானான்னு. நியாயமான சந்தேகம்தான். அமெரிக்கால 2008 நெருக்கடிக்கு அப்புறம் அங்க உள்ள எகனாமிஸ்ட் சங்கம் 2012-ல ரூல் போட்டுச்சு, பேப்பர் எழுதறவங்க யாருகிட்ட காசு வாங்குனோம்னு பேப்பர்லயே சொல்லணும்னு. நீங்களும் முதல் பேப்பர்லேர்ந்தே சொல்லிப் பழகுங்க. மத்திய அரசுல குரூப் ஏ-ல இருந்து ரிடையர் ஆனவங்க ஒரு வருஷத்துக்குள்ள தனியார் வேலைக்குப் போறதுன்னா அனுமதி வாங்கணும். கம்பெனி ஷேரப் பத்தி ரிசர்ச் ரிப்போர்ட் எழுதற வேலைன்னா பங்குச் சந்தையக் கண்காணிக்கிற செபியோட ரூல்படி ரிப்போர்ட்டுக்கு 30 நாள் முன்னாடியும் 5 நாள் பின்னாடியும் அந்த ஷேரத் தொடக்கூடாது. நம்ம பக்கம் இதுல ஒரு சிக்கல் என்னன்னா சொத்து எல்லாம் கூட்டா இருக்கும், அப்பச்சி பேர்ல டீமேட், சித்தப்பா ஆபரேட் பண்ணுவாக, உங்க பேரும் ஜாயிண்ட்ல கிடக்கும். வேலைல சேர்ற முன்னாடியே அதப் பிரிச்சுடுங்க, சேந்த அப்புறம் கம்ப்ளையன்ஸ்காரன் கேட்டு நீங்க வீட்ல கேட்டா அது பெரிய பஞ்சாயத்தா ஆயிடும்.

கல்யாணப் பந்தில கேப்பாங்க, "ஏன்ப்பு, அடுத்த மாசம் வட்டி இறங்குமா? எஃப்.டி. இப்பவே போட்டுரவா?"ன்னு. ரிசர்வ் பேங்க்ல பாலிசிக்கு முன்னாடி ஏழு நாள், பின்னாடி ஏழு நாள் கமிட்டி ஆளுங்க வாயே தொறக்கக்கூடாது. நீங்க கமிட்டில இல்லாட்டியும் அந்த மாதிரி ஆபீஸ்ல இருந்தா "எனக்கு அந்த டிபார்ட்மெண்ட் இல்லண்ணே"ன்னு சொல்லிட்டு பாயசத்தக் குடிங்க.

வெளிநாட்டு பி.எச்டி.யும் கடிதமும்

அமெரிக்கால நல்ல இடத்துல எகனாமிக்ஸ் பி.எச்டி.க்கு காசு கட்ட வேண்டாம், ஃபீஸ் இல்ல, அவங்களே ஸ்டைபெண்ட் குடுப்பாங்க, அஞ்சாறு வருஷம் ஆகும். "வெளிநாடுன்னா வீட்ட விக்கணும்"னு பயந்து நிறைய பேர் அப்ளையே பண்றதில்ல, அந்தப் பயம் மாஸ்டர்ஸுக்குத்தான் பொருந்தும். எம்.ஏ. முடிச்சதும் ரெண்டு வருஷம் ரிசர்ச் அசோசியேட்டா இருந்துட்டு அப்ளை பண்றதுதான் இப்போ வழக்கம், ஜே-பால் தெற்காசியா மாதிரி ஆராய்ச்சி நிறுவனத்துல ஃபீல்டு வேலை கிடைக்கும், தமிழ்ல கிராமத்துல உக்காந்து பேசத் தெரிஞ்ச ஆளுக்கு அங்க கிராக்கி.

பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதில கடைசித் தேதி வந்துடும். மூணு கடிதம் வேணும். கார்த்திகை பொறந்த அப்புறம் புரஃபசர் கதவத் தட்டாதீங்க, அக்டோபர் ஆரம்பத்துலயே கேட்டுடுங்க, கேக்கும்போது வெறும் கையோட போகாம ஒரு பக்கத்துல எழுதிட்டுப் போங்க: அவர் கிளாஸ்ல என்ன பேப்பர் எழுதினீங்க, என்ன மார்க், எந்த டேட்டா வச்சு என்ன கண்டுபிடிச்சீங்க, எந்தெந்த யூனிவர்சிட்டி, ஒவ்வொண்ணுக்கும் எந்தத் தேதி. "இவன் நல்ல பையன், ஒழுக்கமானவன்"னு மட்டும் எழுதுற கடிதம் அங்க செல்லாது, "பி.எல்.எஃப்.எஸ். ஃபைல்ல இருந்த குழப்பத்த இவன்தான் கண்டுபிடிச்சு எனக்கே காட்டுனான்"னு ஒரு வரி இருந்தாத்தான் உள்ள எடுப்பாங்க, அந்த ஒரு வரிய அவர் எழுதறதுக்கு வேண்டிய விஷயத்த நீங்கதான் அந்த ஒரு பக்கத்துல போட்டுக் குடுக்கணும். தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு மெசேஜ், ரெண்டு நாள் முன்னாடி ஒரு போன், அப்லோட் ஆயிடுச்சான்னு போர்ட்டல்ல நீங்களே போய்ப் பாருங்க.